கபிலனைக் குடுத்து ஆரணனை வாங்கினது

"பயிற்சி ஆட்டத்திலயே இதோட நாலு தோல்வி, அண்ணை," என்றார் அந்தோனிதாசன்.

"எனக்கும் எண்ணத் தெரியும் காணும்," என்றார் சிவானந்தன்.

டென்மார்க்கின் பிராண்டே ஊரில் காற்றாலைக்கு இறக்கை செய்கிற தொழிற்சாலையின் சாப்பாட்டறை அது. சிவானந்தன் பிராண்டே தமிழ்க் கரப்பந்துக் கழகத்துக்குப் பதினாலு வருசமாகத் தலைவர். அந்தோனிதாசன் பதினாலு வருசமாகச் செயலாளர். தலைவர் கதிரையில் அவருக்குக் கண்ணும் பதினாலு வருசம்தான். எங்கள் ஆட்களின் கழகம் என்றால் பத்துப் பேரும் பன்னிரண்டு பதவியும். விளையாட ஆறு பேரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

சுற்றுப்போட்டியில் இருப்பதே மூன்று கழகம். பிராண்டே, கோல்டிங், ஓல்போர்க். ஏழு வருசமாகப் பிராண்டேக்கு மூன்றாமிடம். அதை வெண்கலம் என்று அறிக்கையில் எழுதச் சொல்லுவார் சிவானந்தன்.

மாசி மாதம் மூன்று கழகமும் கூடிய கூட்டத்தில் ஒருத்தன் சிரித்த கோபத்தில், "இந்த வருசம் கப் வராட்டி நான் கதிரையை விடுறன்!" என்று கத்திவிட்டு எழும்பிப் போனார். தாசன் மறு நொடியே அதைக் குறிப்பில் எழுதினார். வேறு எதையும் அவர் அவ்வளவு கெதியாக எழுதியதில்லை. சுற்றுப்போட்டிக்கு இன்னும் ஆறு கிழமை.

"பிழை கபிலனில," என்றார் சிவானந்தன். "பந்தைத் தூக்கிக் குடுக்கச் சொன்னா, வலைக்கு அங்கால இருக்கிறவனுக்குத் தூக்கிக் குடுக்கிறான். உவனைக் கோல்டிங்குக்குக் குடுத்திட்டு ஆரணனை எடுப்பம்."

"ஆரணன் அவங்கட முதல் அடிகாரன். தருவாங்களோ?"

"கேட்டால் என்ன குறையப்போகுது?"

சட்டப்படி ஆளுக்கு ஆள் மாற்றலாம். இரண்டு தலைவர்மாரும் ஒப்பமிட்டால் சரி. கோல்டிங் தலைவர் ஸ்ரனிஸ்லாசுக்குப் போன் எடுத்தார். அவர் யோசிக்கவே இல்லை.

"ஓம் அண்ணை, தாராளமாக் கொண்டு போங்கோ. உடுப்பும் சேர்த்துத் தாறன்."

போனை வைத்த சிவானந்தனுக்கு வேர்த்துவிட்டது. பெண்சாதி தருகிற தேத்தண்ணியையே மணந்து பார்த்துக் குடிக்கிற மனுசன் அவர்.

"உதுக்குள்ள என்னவோ இருக்கு தாசன். முழங்கால் போயிருக்கும்."

அடுத்த நாள் ஆரணனைக் கார் நிறுத்துமிடத்தில் வைத்துப் பதினைந்து தரம் துள்ளவிட்டார். அவன் மான் மாதிரித் துள்ளினான். பல்லையும் பார்க்கப் போனவரை அந்தோனிதாசன் இழுத்துப் பிடித்தார்.

"அண்ணை, மாடு வாங்கேல்ல நாங்கள்."

ஆரணன் வந்தான். கபிலன் போனான். கபிலனோடு அவனுடைய ஒன்பது பேர் ஏறுகிற வான் வண்டியும் போனது. நாலு பேர் அந்த வானில்தான் இவ்வளவு காலமும் விளையாட வந்தவர்கள். அடுத்த ஆட்டம் ஓல்போர்க்கில். சிவானந்தன் தன் சின்னக் காரில் இரண்டு தரமாக ஆட்களை ஏற்றினார். இரண்டாவது தரம் போய்ச் சேர, ஓல்போர்க்காரர் வலையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அஞ்சு," என்றார் அந்தோனிதாசன்.

"வாயைப் பொத்தும்."

அதற்கு அடுத்த ஆட்டத்துக்கு நேரத்துக்குப் போனார்கள். ஆரணன் துள்ளினான். ஆனால் பந்தைத் தூக்கிக் குடுக்க ஆளில்லை. வெறும் காற்றை அடித்துவிட்டு இறங்கினான்.

உடனே ஓல்போர்க்கோடு பேச்சு. பிராண்டேயின் ஜோனாசைக் குடுத்தால் சுஜனை எடுக்கலாம். சுஜன் பந்து தூக்குவதில் கெட்டிக்காரன். ஓல்போர்க்காரரும் முதல் மணிக்கே ஓம் என்றார்கள்.

"எல்லாரும் ஏன் இப்பிடி நல்லவங்களா மாறிட்டாங்கள்?" என்று சிவானந்தன் கேட்டார். வீட்டில் பதில் சொன்னது பெண்சாதி தங்கமலர்.

"உங்களைப் பாக்கப் பாவமாக்கும். இஞ்சருங்கோ, அந்தக் கதிரை போனாப் போகட்டும். வீட்டில ஆறு கதிரை கிடக்கு. ஒண்டில இருங்கோ."

"நீ எந்தக் கழகம்?" என்றார் அவர்.

பயிற்சிக்கு வந்த சுஜன், ஆரணனைக் கண்டதும் சுவரைப் பார்த்து நின்றான். சுஜனின் அக்காவைத்தான் ஆரணன் கலியாணம் முடித்திருக்கிறான். சுஜனுடைய கலியாணத்தில் குடும்பப் படத்துக்கு ஆரணனைக் கூப்பிடவில்லை. மூன்று வருசமாகப் பேச்சில்லை. இந்த விசயம் டென்மார்க் முழுக்கத் தெரியும், சிவானந்தனைத் தவிர.

சுஜன் பந்தை எல்லாருக்கும் தூக்கிக் குடுத்தான். ஆரணனுக்கு மட்டும் இல்லை.

"தலைவர், எனக்கும் ஒரு பந்து தரச் சொல்லுங்கோ அவரிட்ட," என்றான் ஆரணன்.

"தலைவர், படத்துக்கே கூப்பிடாத ஆளுக்குப் பந்து வரும் எண்டு நினைக்கிறாரோ எண்டு கேளுங்கோ அவரிட்ட," என்றான் சுஜன்.

சிவானந்தன் வலைக்குப் பக்கத்தில் நின்று, அங்காலயும் இங்காலயும் சேதி காவினார். சம்பளமில்லாத தபால்காரன்.

"இந்த ஆறு பேரோட போட்டிக்குப் போகவேண்டாம்," என்றார் அந்தோனிதாசன். "கதிரையை இப்பவே தந்தீங்களெண்டால் மரியாதை."

"ஆட்டம் முடியட்டும் காணும்."

ஆனி மாதம், கோல்டிங்கில் நகரசபையின் கொம்மூன் மண்டபம். பந்தடி நடக்கிற இடத்தில் பொரித்த ரோல்ஸ் மணம். முதல் ஆட்டம் ஓல்போர்க்கோடு. மைத்துனன்மார் இருவரும் ஆளுக்கொரு மூலை. சிவானந்தன் கண்ணை மூடிக்கொண்டார்.

கைதட்டல் கேட்டுத் திறந்தார். ஓல்போர்க்குக்குப் போன ஜோனாஸ் அடித்த பந்து வலையில் தொங்கியது. அடுத்ததும் வலை. அதற்கடுத்தது மண்டபத்துக் கூரை. பிராண்டேக்காரர் சும்மா நிற்க நிற்கப் புள்ளி ஏறியது. வென்றார்கள்.

அடுத்தது கோல்டிங். அங்கே கபிலன் பழைய பழக்கத்தை மறக்காமல் பந்தை வலைக்கு இங்கால தூக்கிக் குடுத்தான். ஆரணன் அதை அடித்தான். கோல்டிங்காரன் ஒருத்தன் வருகிற பந்துக்கு மரியாதையாக விலகி வழிவிட்டான். இன்னொருத்தன் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தவன் நிமிரவே இல்லை.

"பாத்தீரோ தாசன்!" சிவானந்தன் துள்ளினார். "கபிலனைக் குடுத்தது ஏனெண்டு இப்ப விளங்குதோ? எதிரியின்ர வீட்டுக்குள்ள வைச்ச குண்டு அவன்!"

பிறந்ததிலிருந்து ஒன்றையும் நம்பாத மனுசன் அன்றைக்குத்தான் ஒன்றை முழுசாக நம்பினார்.

கப்பைத் தூக்கிக்கொண்டு, ஆட்கள் குந்துகிற வாங்கில் ஏறினார்.

"அடுத்த வருசமும் நான்தான் தலைவர்! ஆருக்கும் மறுப்பிருக்கோ?"

முதல் கை தட்டியது அந்தோனிதாசன்.

"என்ன மறுப்பு? சாகுமட்டும் நீங்களே இருங்கோ அண்ணை. இதில ஒரு ஒப்பம் வையுங்கோ."

சிவானந்தன் வாங்கிலேயே குனிந்து ஒப்பம் வைத்தார். கீழே கோல்டிங்காரரும் ஓல்போர்க்காரரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடித்தார்கள். ஸ்ரனிஸ்லாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் மனுசி சிலுவை போட்டுக் கர்த்தருக்கு நன்றி சொன்னாள்.

புள்ளிப் பலகையடியில் நின்ற ஸ்ரெபானி, ஸ்ரனிஸ்லாசின் மகள், இலக்கங்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, தோத்தவங்கள் ஏன் இப்பிடிச் சந்தோசப்படுறாங்கள்?" என்று சிவானந்தன் கேட்டார்.

"ஐயோ மாமா, உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே? மாசிக் கூட்டத்தில நீங்கள் கோவிச்சுக்கொண்டு எழும்பிப் போன பிறகுதானே முடிவெடுத்தவை, கப் எடுக்கிற கழகத்தின்ர தலைவர்தான் வாற பொங்கலுக்கு எழுநூறு பேருக்குச் சமைக்கவேணும் எண்டு!"