கெங்கம்மாள் இழுத்த கோடு

மரியாதைக்குரிய சுப்பராயலு மாமா அவர்களுக்கு,

திண்டிவனத்திலிருந்து மச்சினன் சீனுவாசன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் மாடுகளும் சுகம். பனமலையில் தாங்களும் செண்பகம் அக்காவும் மாப்பிள்ளை மணிமாறனும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள், அதனால் கடிதம்.

அடுத்த வாரம் பரிசம் போடுவதைத் தள்ளிவைக்க வேண்டும். கோவப்படாதீங்க மாமா. நம்ம பொண்ணு கலைமதி பண்ற ஆராய்ச்சி தெரியுமே, மாவைப் புளிக்க வெக்கிற ஈஸ்ட்டு, கண்ணுக்குத் தெரியாத உசுரு, அதுக்குள்ள எந்தச் சரக்கு எதுவா மாறுது, எவ்ளோ வேகமா மாறுதுன்னு கணக்குப் போட்டு அந்த உசுரைக் கம்ப்யூட்டர்லயே வாழ வெக்கணுமாம். அது என்னடான்னா ஓட்டி விட்டதும் செத்துப்பூடுது. அது பொழைச்சாத்தான் பரிசத்துக்கு உட்காருவேன்னு சொல்லிக்கினு இருந்துச்சு. தப்பு எங்கன்னு பாக்க லேப்டாப்புல எடம் பத்தலைன்னு, காயவெச்ச மல்லாட்டைக் கடலையை அள்ளின வாசல்ல கோலமாவால சரக்குக்கு ஒரு வட்டம், அது மாறுற வழிக்கு ஒரு அம்புன்னு சாயங்காலம் பூரா வரைஞ்சிட்டுப் படுத்துச்சு. காலையில சாணி தெளிக்க வந்த உங்க தங்கச்சி கெங்கம்மாள், பொண்ணு போட்ட கோலமாச்சேன்னு அழிக்கல. ஆனா ஒரு கோடு அந்தரத்துல நிக்குது. நல்ல காரியம் நடக்கப்போற வீட்டுல கோலம் மூடாம நிக்கக் கூடாதுன்னு, அதை இழுத்துக்கினு போய் மொதல் வட்டத்துல சேத்து, சுத்திச் செம்மண்ணும் பூசிட்டா.

பொண்ணு எழுந்து பாத்துச்சு. "உன் வாசலைவிட என் படிப்பு கேவலமாம்மா?"ன்னு கேட்டுட்டு உள்ள போனதுதான். கேப்பைக்களி கிண்டி வெச்சாலும் தொடல. ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல, உப்பு வேணும்னாலும் என் வழியாத்தான் கேக்கறாங்க. ஒரே பேஜாரு. நீங்க கோவிச்சிக்கினு வேற எடம் பாத்துடுவீங்களோன்னு எனக்குப் பயமா இருக்குது மாமா.

பெரிய மனது பண்ணிப் பொறுத்தருளவும். அக்காவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மச்சினன்
சீனுவாசன்

பி.கு.: கவரை ஒட்டப்போறேன், உள்ள ஒரே சத்தம். அம்மா போட்ட கோடு எவ்ளோ தப்புன்னு காட்டறேன்னு பொண்ணு அதையும் கம்ப்யூட்டர் கணக்குல சேத்து ஓட்டியிருக்குது. உசுரு சாகல. போக வழியில்லாம குமிஞ்சிக்கினு இருந்த சரக்கு மொதலுக்கே திரும்பி வந்து பொழைச்சிக்கினுச்சாம். ஆத்தாளைக் கட்டிக்கினு அழுவுது. ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து, சொன்ன நாளிலேயே வாங்க. ஒண்ணு மட்டும், வாசல்ல யாரும் கால் வெக்கக் கூடாதுன்னு கெங்கம்மாள் கயிறு கட்டியிருக்கா. பரிசத் தட்டோட பின்பக்கமா, மாட்டுக் கொட்டா வழியா வாங்க மாமா.