மில்காரன் பாட்டின் மூன்றாவது சரணம்

"நிறுத்துங்க! குடிகாரன் பாட்டுக்குக் கடைசியில எதுக்கு ஆமென்?"

பெட்டினா கையிலிருந்த குச்சியால் பாட்டுத் தாங்கியைத் தட்டினாள். மேடையில் நின்ற பாடகர் குழு மொத்தமும் தலை குனிந்துகொண்டது.

"வாய் தவறி வந்துடுச்சு, புரொஃபசரம்மா," என்றார் வெர்ன். டிராக்டர் விற்பவர். ஊரிலேயே கனத்த குரல் அவருடையது என்பதால் குடிகார மில்காரன் வேஷம் அவருக்கு.

"எல்லாருக்கும் ஒரே நேரத்துலயா வாய் தவறும்?"

ஆர்கன் வாசிக்கும் ஆர்லீன் டோனட்டை மென்றபடி கூரையைப் பார்த்தாள். கூரையில் ஒன்றும் இல்லை.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் நாடு சுதந்திரம் வாங்கிய சூட்டோடு பிலடெல்பியா நாடகக் கொட்டகைகளுக்குப் பாட்டுக் கட்டிக் கொடுத்தவர் எலியாஸ் பிரிச்சர்ட். அந்தக் காலத்தில் ஊரையே ஆட வைத்த மனிதர், இப்போது நாய்கூடச் சீண்டாத பெயர். அவரைத் தூசி தட்டி எழுப்புவதிலேயே பெட்டினாவின் பாதி வயசு போய்விட்டது. செத்துப்போனவனோடு ஒரே வீட்டில் குடித்தனம் பண்ண முடியாது என்று சொல்லிவிட்டுப் புருஷனும் போய்விட்டான். பிரிச்சர்ட் கடைசிக் காலத்தில் வந்து தங்கிச் செத்த ஊர் இந்த மில்ஸ்பரி என்பதால்தான், அவர் பாட்டுக் கட்டிய நாடகம் ஒன்றைப் போட இங்குள்ள திருச்சபையின் பாடகர் குழுவையும் சபை மண்டபத்தையும் கெஞ்சி வாங்கியிருந்தாள். "அப்படி ஒருத்தரா? கேள்விப்பட்டதே இல்லையே!" என்று ஊரே ஒரே குரலில் சொன்னது.

கேள்விப்படாதவர்கள் முதல் நாளே காகிதத்தைப் பார்க்காமல் மில்காரன் பாட்டைப் பாடினார்கள். என்ன ஞானம் என்று பெட்டினா பூரித்துப் போனாள். பிறகுதான் அந்த ஆமென் வந்தது.

முன் வரிசையில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த போதகர் ஹாலிஸ் எழுந்து வந்தார். நரைத்த தலை, சாது முகம். மண்டபத்துச் சாவி அவரிடம்தான். ஒத்திகை என்றால் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவார்.

"அம்மா, இந்த மெட்டு எங்க அடக்கப் பாட்டோடது ஆச்சே! இந்தச் சபையை நிறுவின ஒபதாயா போதகர் இயற்றினது. 'யாத்திரை முடிந்ததே, வாசல் திறந்ததே'ன்னு பாடித்தான் இங்க எல்லாரையும் புதைக்கிறோம். இது எப்படி உங்க நாடகத்துல?"

பெட்டினா வாயைத் திறந்தாள். போதகரின் முதுகுக்குப் பின்னால் குழு முழுவதும் வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டியது. வெர்ன் ஒரு படி மேலே போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். ஆர்லீன் ஆர்கனில் இரண்டு கையையும் பொத்தென்று வைத்து ஒரு பேரிரைச்சலைக் கிளப்பினாள்.

"மன்னிச்சுக்குங்க போதகரய்யா, கை வழுக்கிடுச்சு."

வாசலுக்கு வெளியே பெட்டினாவை வளைத்துக்கொண்டார்கள்.

"மெட்டு ஒபதாயா சுட்டதுதான். யாரு இல்லன்னா?" என்றார் வெர்ன். "ஆனா போதகரய்யாவுக்கு அது தெரியக்கூடாது. போன வருஷம்தான் நெஞ்சுல ஏதோ குழாய் வச்சாங்க. குடிகாரன் பாட்டைப் பாடியா எல்லாரையும் புதைச்சோம்னு தெரிஞ்சா மனுஷன் அப்படியே சாஞ்சுடுவார்."

"அப்போ நான் என்னதான் சொல்றது?"

"படிச்சவங்க நீங்க. எதையாவது சொல்லுங்க."

உள்ளே போன பெட்டினா, மில்காரன் குடியை விட்டு மனந்திரும்பும் இடத்தில் அந்தப் பாட்டு வருவதாகவும், ஒபதாயா போதகரும் பிரிச்சர்டும் சிநேகிதர்கள் என்றும் கூசாமல் சொன்னாள். அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தாள்.

போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கமே அதைப் பற்றித்தான். ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் நாடகத்துக்கு வரவேண்டும், வந்து மனந்திரும்ப வேண்டும் என்று அறிவித்துவிட்டார். போதாததற்கு, இனி ஒத்திகை முடியும்வரை எழுந்து போகமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

அவர் முன்னால் உட்கார்ந்திருக்க, பாட்டு பிண ஊர்வலம் மாதிரி நகர்ந்தது. 'குடம் காலி, குவளை காலி, கிழவி வர்றா, கதவைச் சாத்து' என்ற துள்ளல் வரியை அவர்கள் இழுத்த இழுப்பில், கிழவி வந்து, திட்டி, சமைத்து, சாப்பிட்டுத் தூங்கியே போயிருப்பாள்.

"வேகம்! வேகம்!" என்று பெட்டினா கையைத் தட்டினாள்.

"இதுக்கு மேல வேகமாப் பாடினா மூச்சு வாங்குது," என்றார் நாள் முழுக்க டிராக்டரோடு மல்லுக்கு நிற்கும் வெர்ன்.

கொஞ்சம் ஆப்பிள் சாராயம் உள்ளே போனால் சரியாகும் என்று ரகசியமாக ஊற்றிக் கொடுத்தாள். எல்லோருக்கும் செத்துப்போன உறவுகள் நினைவுக்கு வந்து, அழுதுகொண்டே இன்னும் மெதுவாகப் பாடினார்கள். நடனமாடச் சொன்னாள். சவப்பெட்டி தூக்குவதுபோல இரண்டு இரண்டு பேராக நடந்தார்கள்.

இதற்கு நடுவே பிலடெல்பியாவிலிருந்து ஐன்ஸ்லி போன் செய்தார். பழைய நாடக இசைக்கென்று உள்ள ஓர் அறக்கட்டளையின் தலைவர். அவர் நேரில் பார்த்துத் தலையசைத்தால் பிரிச்சர்டின் பாட்டுகள் அத்தனையும் அச்சேறும், பெரிய மேடைகளில் ஒலிக்கும். இல்லாவிட்டால் எல்லாம் மறுபடியும் பெட்டினாவின் கட்டிலுக்கு அடியில்தான்.

"மில்காரன் பாட்டு எப்படி வருது? அந்தக் காலத்து மாதிரியே, குடியும் கூத்துமா இருக்கணும். ஒரு சொல்லை மாத்தினாலும் எந்திரிச்சுப் போயிடுவேன்."

"பிரமாதமா வருது," என்றாள் பெட்டினா.

"மூணாவது சரணம் கிடைச்சுதா?"

அதுதான் இன்னொரு தலைவலி. அந்தப் பாட்டுக்கு இரண்டு சரணங்கள்தான் மிஞ்சியிருந்தன. மூன்றாவதைத் தேடி அவள் ஏறாத நூலகம் இல்லை. கடைசியில் தானே ஒன்றை எழுதிச் சொருகியிருந்தாள். அதைப் பாடும்போதெல்லாம் குழுவில் யாராவது ஒருவர் இருமிச் சிரிப்பை அடக்குவார்.

போதகர் முன்னால் குடியும் கூத்தும் நடக்காது. ஐன்ஸ்லி முன்னால் மனந்திரும்புதல் நடக்காது. இருவருக்கும் இடம் முன் வரிசையில், பக்கத்துப் பக்கத்து நாற்காலி. போதகரே கேட்டு வாங்கிய இடம்.

"பை," என்றாள் ஆர்லீன்.

"என்னது?"

"இடைவேளைக்குக் கீழ்த்தளத்துல ஆப்பிள் பை. போதகரய்யாவைவிட நியாயமா பை வெட்ட இந்த ஊர்ல ஆள் கிடையாது. ஒரு துண்டு பெருசு, ஒரு துண்டு சிறுசுன்னு இருந்தா அவருக்குத் தூக்கம் வராது. நிறைய பை வச்சா நிறைய நேரம் ஆகும்."

ஊர்ப் பெண்கள் எல்லோரும் மாவுக்குள் ஆப்பிளை அடைத்துப் பை சுட்டார்கள். நாடகத்தன்று, பாட்டு வரும் சமயம் பார்த்து ஆர்லீனின் தங்கை போதகரின் காதில் ஏதோ சொன்னாள். அவர் முகம் வாடினாலும், கடமை என்று எழுந்து கீழே போனார்.

கதவு சாத்தியதுதான் தாமதம், மண்டபமே மூச்சு விட்டது.

வெர்ன் தள்ளாடிக்கொண்டு மேடைக்கு வந்தார். ஆர்லீன் டோனட்டைக் கீழே வைத்தாள். அவள் அப்படி வைத்ததைப் பெட்டினா அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். பிறகு ஆர்கன் பிடித்த ஓட்டத்தில் அவளுடைய குச்சியே பின்தங்கிவிட்டது. முதல் சரணம் பறந்தது. குழு பீப்பாயைச் சுற்றிக் குதித்தது. இரண்டாவது சரணத்தில் ஐன்ஸ்லி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பாதி வயசைத் தொலைத்துப் பெட்டினா தேடிய பிரிச்சர்ட் கண்ணெதிரே எழுந்து ஆடிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வந்தது. அவள் எழுதியதை வெர்ன் பாடவில்லை. வேகத்தில் மனுஷன் தன்னை மறந்துவிட்டார்.

'பீப்பாய்க்குப் பின்னால் ஒளிஞ்சது யாரு?'

மண்டபம் முழுவதும், குழந்தை குட்டியிலிருந்து கிழம் கட்டைவரை, காலைத் தட்டிக்கொண்டு பதில் பாடியது.

'போதகர் தொப்பி தெரியுது பாரு!'

பெட்டினாவின் கைக்குச்சி கீழே விழுந்தது. "இது... இது யாரு எழுதினது?"

"பிரிச்சர்டுதான். வேற யாரு?" ஆர்லீன் வாசித்தபடியே சொன்னாள். "எங்க வீட்டுல பிள்ளைங்க பேசுறதுக்கு முன்னாடியே இதைப் பாடும். கோயில்ல மட்டும்தான் இழுத்துப் பாடுவோம். பாவம், போதகர் மனசு நோகக்கூடாது பாருங்க."

"நான் எத்தனை நூலகம் ஏறி இறங்கினேன்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

"ஒபதாயா காலத்துலேர்ந்து எந்தப் போதகர் காதுக்கும் இது போனதில்ல. நீங்க வெளியூரு, உங்ககிட்ட சொல்ல முடியுமா?"

ஐன்ஸ்லி எழுந்து நின்று கைதட்டினார். "இதுதான்! இதுதான் அந்த மூணாவது சரணம்! அத்தனை பாட்டையும் அச்சுல ஏத்துறோம், அம்மா!"

மண்டபம் உற்சாகத்தில் அதே சரணத்தை இன்னொரு தடவை எடுத்தது. 'போதகர் தொப்பி' வரை வந்து பாட்டு படக்கென்று அறுந்தது.

பக்கத்துக் கதவு திறந்திருந்தது. கையில் கத்தியும், சட்டை முழுவதும் மாவுமாக போதகர் ஹாலிஸ் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று யாருக்கும் தெரியவில்லை.

வெர்ன் பீப்பாய்க்குப் பின்னால் ஒளியப் பார்த்தார். உடம்பு அடங்கவில்லை. ஆர்லீன் பழக்க தோஷத்தில் அதே மெட்டை அடக்க ஆராதனை வேகத்துக்குக் குறைத்தாள். யாரோ ஒருவர் நடுங்கும் குரலில் ஆமென் என்றார்.

பெட்டினா போதகரை நோக்கி ஓடினாள். "ஐயா, உட்காருங்க, தண்ணி குடிங்க. எல்லாம் என் தப்பு. பொய் சொன்னது நான்தான். இவங்க மேல கோவப்படாதீங்க."

போதகர் நெஞ்சில் கை வைத்தார். ஊரே பதறி எழுந்தது. அவரோ சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கத்தியை நிதானமாகத் துடைத்தார். பிறகு மண்டபத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? பீப்பாய்க்குப் பின்னாலேர்ந்து போதகர் பதில் சொல்ற நாலாவது சரணம் இருக்கே. ஒபதாயா காலத்துலேர்ந்து நாங்க போதகருங்க உங்களுக்குத் தெரியாம எங்களுக்குள்ள பாடிக்கிட்டு வர்றது அதைத்தானே!"