ஹாலுக்கு வந்த ஐந்து பெண்மணிகள்

டீப்பாய் மேல் காலை நீட்டிக்கொண்டு, "ஒரு காபி..." என்று குரல் கொடுத்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு மீதி வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது. எதிர்ச் சுவரிலிருந்து ஐந்து பெண்கள் அவரையே முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரும்மா இவங்க?"

"சுவர் மொட்டையா இருக்கு, ஏதாவது படம் வாங்கி மாட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஃபிரேம் கடையிலிருந்து வந்துச்சு, மாட்டிட்டேன்" என்றாள் மனைவி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்தவள் சீருடையைக்கூட மாற்றாமல் அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தாள்.

காலேஜ் படிக்கும் மகள் படங்களுக்குக் கீழே இருந்ததை வாசித்துக் காட்டினாள். எல்லாரும் அந்தக் காலத்தில் பெண்களின் உரிமைக்காகப் போராடியவர்கள். ஒருத்தர் ஓட்டுரிமை கேட்டு ஜெயிலுக்குப் போனவர். இன்னொருத்தர் அங்கே சாப்பிட மாட்டேன் என்று பட்டினி கிடந்தவர்.

"சரி, இந்தக் கொண்டைக்காரம்மா ஏன் என்னையே பார்க்கறாங்க?"

"அவங்க வீட்டு வேலைக்கும் சம்பளம் வேணும்னு கேட்டவங்கப்பா."

அவர் காலை மெல்லக் கீழே இறக்கினார். நாள் முழுக்க ஊரார் கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பவர்தான். ஆனால் எந்தக் கண்ணும் அவரை இப்படித் திருப்பிப் பார்த்ததில்லை. நாமே போட்டுக் குடித்துவிட்டால் வம்பில்லை என்று அடுப்படிக்குப் போய் மூன்று பேருக்கும் காபி போட்டார்.

"அட, உங்களுக்குக் காபி போட வருமா!" என்றாள் மனைவி.

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து காலைக் காபி அவர் தலையில் விழுந்தது.

இது சரிப்படாது என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஐவருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இப்போது அடுப்படி நேரெதிரே வந்துவிட்டது.

"சும்மாதானே இருக்கீங்க?" என்றாள் மனைவி. வெங்காயமும் கத்தியும் அவர் மடிக்கு வந்தன.

கண்ணைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். ஐந்து பேரும் ஒன்றாக இருப்பதால்தானே இந்தப் பலம்? பிரித்துவிட்டால்?

"ரூமுக்கு ஒண்ணா மாட்டினா வீடே அழகா இருக்கும்" என்றார்.

"உங்க இஷ்டம்" என்றாள் அவள், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

அதுதான் அவர் செய்த பெரிய தப்பு. அதுவரை ஹாலில் மட்டும்தான் தொல்லை. இப்போது வீட்டில் ஒளிய மூலையில்லாமல் போயிற்று. பட்டினி கிடந்த அம்மா சாப்பாட்டு மேஜைக்கு மேலே போனார். அவர் முன்னால் முதல் ஆளாகத் தட்டை இழுக்க இவருக்குக் கை வரவில்லை. "நீயும் உட்காரு, சேர்ந்தே சாப்பிடலாம்" என்றார். சேர்ந்து சாப்பிட்டுவிட்டு ஒருத்தி மட்டும் தட்டுக் கழுவுவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? அதிலும் பங்கு வந்தது. கொண்டைக்காரம்மா கண்ணிலேயே படக்கூடாது என்று வாஷிங் மிஷின் பக்கம் தள்ளிவிட்டார். அங்கே மலைபோல் கிடந்த துணி அதுவரை அவர் கண்ணில் பட்டதேயில்லை.

"கடையில நான் முதலாளி, வீட்டுல எடுபிடி" என்று மகளிடம் புலம்பினார்.

"ஆனா நீங்க மடிச்சு வைக்கிற துணி கசங்கவே மாட்டேங்குதுப்பா."

"ஓரத்தைப் பிடிச்சு ஒரு உதறு உதறணும். உங்கம்மாவுக்கு அது தெரியாது" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

இப்படியே சில மாதம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரவு டியூட்டி முடிந்து வந்த மனைவி, ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவிலேயே தூங்கிப்போனாள். அவர் சத்தம் போடாமல் ஷூவைக் கழற்றி வைத்தார். கண்ணில் வெயில் படாமல் திரையை இழுத்துவிட்டார். சமையலையும் முடித்து, அவள் எழுந்ததும் தட்டை வைத்துப் பரிமாறினார். அன்று முழுக்க ஒருதரம்கூடச் சுவர்ப்பக்கம் பார்க்கவில்லை என்பது அவருக்கே தெரியாது. அவள் மட்டும் சாப்பிடுவதை நிறுத்தி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

மறுநாள் காலை அவள் டியூட்டிக்குக் கிளம்பிப் போனபின், ஃபிரேம் கடைக்காரர் வாசலில் வந்து தலையைச் சொறிந்தார்.

"மன்னிச்சுக்குங்க சார். உங்களுக்குப் போட்டது அருவியும் மான்குட்டியும். இந்தப் படமெல்லாம் புது லைப்ரரிக்குப் போக வேண்டியது. மாறி வந்துடுச்சு."

கண்ணாடிக் கடைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடி ஓடி ஐந்து படங்களையும் தானே கழற்றித் துடைத்துக் கொடுத்தார். பிறகு டீப்பாய் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

"ஏன்யா, படம் மாறிப்போச்சுன்னு தெரிஞ்சுக்க உனக்கு இத்தனை மாசமா?" என்று படங்களைக் கட்டிக்கொண்டிருந்தவரைக் கேட்டார்.

"ஐயோ, எனக்கு மறுநாளே தெரிஞ்சுபோச்சு சார்! உங்க வீட்டம்மாவுக்கு உடனே போன் போட்டேன். அவங்கதான், 'லைப்ரரிக்கு அவசரமில்லேன்னா இங்கேயே இருக்கட்டும், வீட்டுல ஒரு பெரிய ரிப்பேர் வேலை நடக்குது'ன்னாங்க. நேத்து சாயங்காலம்தான் கூப்பிட்டு, 'வேலை நல்லபடியா முடிஞ்சுது, வந்து எடுத்துட்டுப் போங்க'ன்னு சொன்னாங்க!"