மகள் நெற்றியில் இருந்த அவசர வேலைகள்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். கடைக் கணினி மட்டும் நலமில்லை. காரணம் நீங்கள்.

"மாமா, இந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் ரொம்பப் பழசு. வேற போட்டுத் தர்றேன், வைரஸ் வராது, காசும் கிடையாது" என்றீர்கள். மாப்பிள்ளை பேச்சைத் தட்டக் கூடாதே என்று தலையாட்டினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது. பழைய திரையில் என் மகள், அதாவது உங்கள் மனைவி, பல் விழுந்த வயதில் சிரிக்கிற படம் இருந்ததல்லவா? ரப்பர் ஸ்டாம்பு செய்கிற எனக்கு அதுதான் அலமாரி. அவசர வேலையை அவள் நெற்றியில் வைப்பேன், வாடிக்கையாளர் பார்த்துச் சரி சொல்ல வேண்டியதை வலது கன்னத்தில், முடிந்ததைக் காலடியில். நீங்களோ அங்கே ஒரு மலையை வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டீர்கள். கோப்புகளெல்லாம் மலையெங்கும் மேய்ந்துகொண்டிருக்கின்றன. தேடினேன், அகப்பட்டதை எடுத்து ஸ்டாம்பு செய்தேன், பக்கத்துத் தெரு டாக்டர் கால்நடை மருத்துவருடைய ஸ்டாம்போடு போய்விட்டார். அவரும் படித்துப் பார்க்காமல் குத்தித் தள்ளியிருக்கிறார். மறுநாள் ஓர் அம்மா மருந்துச் சீட்டோடு கடைக்கே வந்து, "டாக்டர் உங்களைத்தான் கேக்கச் சொன்னாரு. என்னைப் பாத்தா ஆடு மாடு மாதிரியா இருக்கு?" என்று கேட்டார்.

உங்கள் அத்தையும் என் பக்கம் இல்லை. "மாப்பிள்ளை நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாரு, நீங்கதான் பழகிக்கணும்" என்கிறாள். புதியது உசத்தியாகவே இருக்கட்டும், யார் இல்லை என்றது? கை போகிற இடத்தில் பொருள் இருக்க வேண்டும், எனக்கு அவ்வளவுதான். இன்னும் இரண்டு டாக்டர்கள் இப்படிப் போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். உண்மையிலேயே பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வந்து பழையதையே போட்டுக் கொடுங்கள், படத்தோடு.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும், இருப்பதை மாற்றாத மனதோடும் வாழ வாழ்த்தும்,
மாமனார்.

பி.கு.: இந்தக் கடிதத்தையும் கணினியிலேயே எழுதி மலையில்தான் வைத்தேன். தேடிக் கண்டுபிடிக்க ஒரு மாதமாகிவிட்டது. தேடிய தேடலில் மலை பழகிவிட்டது. இப்போது அவசரமெல்லாம் உச்சியில், முடிந்ததெல்லாம் அடிவாரத்தில். நெற்றியைவிட இங்கே இடமும் தாராளம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை சாப்பிட மட்டும் வாருங்கள், கணினிப் பக்கம் போக வேண்டாம். "என் படம் எங்கே?" என்று மகள் கேட்டால், அதைத் தூக்கியது நீங்கள்தான் என்று சொல்லிவிடுங்கள்.