ஆடிட்டரின் கறுப்புக் கண்ணாடி

பிஸ்கட் டப்பா இருக்குமிடத்தைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று ஆடிட்டர் சபதம் செய்தார்.

ஊரார் கணக்கையெல்லாம் சந்தேகப்பட்டே பிழைப்பு நடத்துகிறவர், வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருப்பாரா? சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றே மனைவி டப்பாவை ஒளித்துவிட்டாள். அதுகூடப் பரவாயில்லை. அவளுடைய தம்பி, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன், வந்துபோகும்போதெல்லாம் அவன் சட்டையில் பிஸ்கட் தூள்! தனக்கு இல்லாத பிஸ்கட் மச்சானுக்கா? ஆடிட்டருக்கு வயிறு எரிந்தது.

நல்ல வேளையாக, வெளிச்சத்துக்குக் கண் கூசுகிறதென்று கறுப்புக் கண்ணாடி போடச் சொல்லியிருந்தார்கள். பவருள்ள கண்ணாடி. அதைக் கழற்றினால் எதிரில் நிற்பது மனைவியா பீரோவா என்று தெரியாது. மத்தியானம் சாப்பிட்டதும் அதைப் போட்டபடியே சாய்வு நாற்காலியில் சரிவார். வாயைத் திறந்துகொள்வார். குறட்டையும் விடுவார். கறுப்புக்குப் பின்னால் கண் மட்டும் மனைவி போகிற பக்கமெல்லாம் போகும்.

"ஏங்க, தூங்கிட்டீங்களா?"

"கொர்ர்ர்..."

"கேட்டதும் சத்தம் கூடுதே!"

ஆடிட்டர் சத்தத்தைக் குறைத்தார்.

அந்த வாரம் மச்சான் கையை நீட்டினான். "கண்ணாடியைக் குடுங்க மாமா. ஒரே பிசுக்கு. கடையில சூடா ஒரு மருந்து இருக்கு. ஊறப் போட்டு எடுத்தா பளிச்சுனு ஆயிடும்."

"திடீர்னு என்னடா இவ்வளவு அக்கறை?"

"அக்கா புருஷனாச்சே!"

அந்தப் பதில்தான் ஆடிட்டருக்குப் பிடிக்கவில்லை. பிரேமை மாற்றிவிடுவானோ? காதுப் பக்கம் ரகசியமாக ஒரு கீறல் போட்டுக் கொடுத்தார். திரும்பி வந்ததும் கீறலைத் தடவினார். ஆணியை எண்ணினார். எல்லாம் சரியாக இருந்தது. வாராவாரம் கண்ணாடி போனது, வந்தது. வாராவாரம் கீறலும் ஆணியும் சரியாகவே இருந்தன.

ஒன்றுதான் ஆச்சரியம். வீடு வரவர வெளிச்சமாகிக்கொண்டே வந்தது.

"சுவத்துக்கு வெள்ளையடிச்சியா?"

"இல்லீங்க. இனிப்பை விட்டீங்கல்ல? கண்ணு தெளியுது!"

இருக்கும் என்று ஆடிட்டர் பூரித்துப்போனார்.

அப்புறம் ஒரு மத்தியானம், அவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போதே மனைவி ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பரண்மேல் பெட்டிக்குப் பின்னால் டப்பாவைத் தள்ளிவிட்டு அடுக்களைக்குப் போனாள். ஆகா, சிக்கினாள்! ஆடிட்டர் பூனைபோல எழுந்தார். ஏறினார். டப்பாவை எடுத்து, நாக்கில் நீர் ஊற மூடியைத் திறந்தார்.

பிஸ்கட் இல்லை. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று இருந்தது. அதில் அவர் முகம் தெரிந்தது. மூக்கின்மேல் அதே பிரேம், காதுப் பக்கம் அதே கீறல். ஆனால் கறுப்பு எங்கே? தண்ணீர்போலத் தெளிந்த கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்களும் கோலிக்குண்டாக முழித்துக்கொண்டிருந்தன.

கீழே மனைவியும் மச்சானும் நின்றார்கள். மச்சான் வாயில் பிஸ்கட்.

"ஒரேயடியா சாயத்தை எடுத்தா உங்களுக்குத் தெரிஞ்சிடும்னு அக்காதான் சொன்னாங்க மாமா. அதான் வாரத்துக்குக் கொஞ்சமா எடுத்தேன்."

ஆடிட்டருக்கு ஸ்டூல் ஆடியது. "அப்ப... நான் தூங்கறப்பல்லாம்..."

"நல்லாப் பாத்துக்குங்க," என்றாள் மனைவி. "நீங்க தூங்கறப்ப மூஞ்சி இப்படித்தான் இருக்கும்."