டர்னிப் ஐந்து பத்துக்கு யாரை எதிர்பார்க்கிறான்?

ராண்டால்ஃப், வெர்மான்ட்
ஏப்ரல் 11

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் திருமதி ஹோல்ட் அவர்களுக்கு,

ஐரீன் தீபோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் டர்னிப்பும் நலம். நியூயார்க்கில் தாங்களும், தங்கள் பூனையும், பூனைக்குப் பிடிக்காமல் போன தங்கள் புது சோபாவும் நலமாக இருக்க வேண்டும். பனி உருகி எங்களுக்குச் சேற்றுக் காலம் ஆரம்பித்துவிட்டது. என் காரில் பாதிதான் கண்ணுக்குத் தெரிகிறது. இத்துடன் ‘பன்னிரண்டு விருந்தாளிகள்’ சித்திரப் புத்தகத்தின் எண்பத்தெட்டுப் பக்கங்களை வைத்திருக்கிறேன். தொண்ணூற்றாறு அல்லவா என்று கேட்பீர்கள். மீதி எட்டு ஏன் இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் தாங்கள் ‘சோம்பல்’ என்று ஒரு சொல் சொன்னீர்கள். அது எனக்குப் பொருந்தாத சொல் என்று சாதிக்க மாட்டேன். ஆனால் இந்த முறை காரணம் அது இல்லை.

நாம் பேசிக்கொண்டது இதுதான்: என் வீட்டில் தங்கிப் போன பன்னிரண்டு நாய்கள், நாய்க்கு எட்டுப் பக்கம், ஒவ்வொரு கதையின் முடிவிலும் நாய் தன் சொந்த வீட்டுக்குப் போக வேண்டும். பதினொரு பேர் போய்விட்டார்கள். பன்னிரண்டாவது ஆள் இதோ என் மேசைக்கு அடியில் என் செருப்பின் மேல் தலை வைத்துப் படுத்திருக்கிறான். அவன் போனால்தான் கதை முடியும். அவன் போகிற வழியாகத் தெரியவில்லை. அதற்கு முக்கால் பங்கு காரணம் நான்தான் என்று எங்கள் நாய் மீட்புச் சங்கத்து லொரேன் பெல்கி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். தெற்கிலிருந்து மாதம் ஒரு வேன் நிறைய நாய்கள் வரும். வீட்டில் இடம் இருந்தால் அதில் ஒன்றை நான் இறக்கிக்கொள்வேன். குளிப்பாட்டி, மாடிப்படி ஏறப் பழக்கி, புகுந்த வீட்டுக்கு அனுப்பும்வரை என் வீடு அதற்குத் தாய்வீடு. வரன் தேடி விளம்பரம் எழுதுவதும் படம் போடுவதும் என் வேலைதான். மற்றவர்கள் ‘அன்பானவள், அழகானவள்’ என்று எழுதுவார்கள். நான் குறையை மட்டும்தான் எழுதுவேன். ஏனென்றால் இது வெர்மான்ட். ‘ஹீட்டர் நன்றாக வேலை செய்யும், வலது கதவு திறக்காது’ என்று எழுதினால்தான் இங்கே பழைய கார் விற்கும். குறை சொல்லாத விளம்பரத்தை இங்கே ஒருவரும் நம்புவதில்லை. ராடிஷ் என்ற நாய் என் நாற்காலியின் ஒரு கையைத் தின்றுவிட்டு மறு கையைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் படமாகப் போட்டேன், ஒரே வாரத்தில் முப்பது பேர் கேட்டு எழுதினார்கள். (அந்த வேனில் வருகிற எல்லோருக்கும் காய்கறிப் பெயர்தான். யார் வைத்தார்களோ.) அப்படிப்பட்ட நான், சென்ற ஜனவரியில் வந்த டர்னிப்புக்கு என்ன எழுதினேன் தெரியுமா? ‘ஒன்பது வயது. பழுப்பு நிறம். அமைதியானவன். சொன்ன பேச்சு கேட்பவன். ஒரு குறையும் இல்லை.’ மூன்று மாதமாக ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

லொரேன் நேரே வீட்டுக்கு வந்துவிட்டாள். “ஏம்மா ஐரீன், இப்படி எழுதினா எவன் நம்புவான்? பெருசா ஏதோ இருக்கு, மூடி மறைக்கிறாங்கன்னுதான் நினைப்பான்.”

“நெசமாவே நல்ல நாய் லொரேன். நான் என்ன பண்ணட்டும்?”

“நீ தோக்கப் போற. உன் மூஞ்சியிலயே எழுதியிருக்கு. கேக்குக்குச் சொல்லி வச்சிரவா?”

அந்தக் கேக் விஷயம் தங்களுக்குத் தெரியாது. அனுப்ப வேண்டிய நாயை அனுப்ப மனம் வராமல் தானே வைத்துக்கொண்டவரை எங்கள் சங்கத்தில் ‘தோற்றவர்’ என்போம். தோற்றவருக்கு ‘தோற்றுப்போனாய்’ என்று எழுதிய கேக் ஒன்று வாங்கி எல்லோருமாகத் தின்போம். ஆறு வருடமாக நான் அடுத்தவர் தோல்வியைத் தின்றுகொண்டுதான் இருக்கிறேன். இந்த முறை லொரேன் சிரித்துவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. வாசலில் நின்று பூட்ஸை மாட்டிக்கொண்டே ஒன்று சொன்னாள்: “வீட்டு ஓனரு உனக்கு ஒரு நாய்க்குத்தான் அனுமதி குடுத்திருக்காரு. இவன வச்சுக்கிட்டா அடுத்த வேன்ல வர்றது எங்க படுக்கும்? அத மட்டும் யோசிச்சுக்கோ.” நான் அதை யோசிக்கவில்லை. வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் தங்கள் எட்டுப் பக்கமும் போயின.

அதாவது, திருமதி ஹோல்ட், இந்த நாய் தினமும் மாலை நாலு பத்துக்கு எழுந்திருப்பான். எவ்வளவு தூக்கத்தில் இருந்தாலும் சரி. நேராக வாசல் கதவுக்குப் போவான், கதவைப் பார்த்து நிற்பான், சரியாக நான்கு நிமிடம். பிறகு திரும்பி வந்து படுத்துவிடுவான். குரைப்பதில்லை, கதவைப் பிறாண்டுவதில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. யாருக்காக நிற்கிறான்? தங்களால் இதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்து படம் போட முடியுமா? என்னால் முடியவில்லை. தபால்காரர் பதினொன்றுக்கு வருகிறார், அவர் இல்லை. மேப்பிள் மரத்துச் சாறு ஏற்றும் லாரி வாரம் இரண்டு நாள்தான், அதுவும் இல்லை. மாடியில் குடியிருக்கும் மனிதரிடம் போய், “தப்பா நினைக்காதீங்க, நாலு பத்துக்கு நீங்க தினமும் என்ன பண்றீங்க?” என்று கேட்டேன். அன்றிலிருந்து அவர் எனக்குக் குட்மார்னிங் சொல்வதில்லை. நாயின் கண் மட்டத்தில் பார்த்தால் ஏதாவது தெரியுமோ என்று கதவருகே தரையில் குப்புறப் படுத்தேன், பார்சல் கொண்டுவந்த பெண் கதவைத் தள்ளினாள், நெற்றி புடைத்துவிட்டது. சரி, கதவையே திறந்து வைப்போம், எங்கே போகிறான் பார்ப்போம் என்று ஒரு நாள் அகலத் திறந்து வைத்தேன். அவன் எங்கும் போகவில்லை. வாசற்படியிலேயே நின்றான். அவன் காலுக்கு நடுவே புகுந்து ஒரு ஸ்கங்க் உள்ளே வந்தது. அது வாலைத் தூக்கினால் எப்படிப்பட்ட நாற்றத்தைப் பீச்சும் என்பது தங்களுக்கே தெரியும். இந்தப் பக்கங்களில் ஒரு வாடை அடித்தால் அது மை இல்லை. மன்னிக்கவும்.

இதற்கிடையில் நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவன் தூக்கத்தை மணிக்கணக்கில் குறித்து ஒரு பெரிய அட்டவணை வரைந்தேன். நாய்களுக்கான முள்ளில்லாத கடிகாரம் ஒன்றை அட்டையில் செய்து, அது எதற்கு என்று எனக்கே தெரியாமல் சுவரில் மாட்டினேன். கதவைப் பார்த்து நிற்கும் நாயின் முதுகை நாற்பத்தோரு தடவை வரைந்தேன். முகம் வரையலாம் என்றால் அந்த நான்கு நிமிடமும் அவன் முகத்தைக் கதவுக்குத்தான் காட்டுகிறான். மற்ற நேரத்து முகம் எனக்கு வேண்டாம்.

மார்ச் மாதம் கோடைக்காக நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளினோமே, அன்றைக்குத்தான் விஷயம் பிடிபட்டது. அன்று அவன் நாலு பத்துக்கு எழவில்லை. ஐந்து பத்துக்கு எழுந்தான், அதாவது பழைய கடிகாரத்தின் நாலு பத்துக்கு. தெருவில் உள்ள எதற்காகவாவது நிற்பவனாக இருந்தால் தெருவோடு சேர்ந்து அவனும் மாறியிருப்பான். ஆகவே அவன் எதிர்பார்ப்பது இந்த ஊரிலேயே இல்லை. அவன் வந்த டென்னசி காப்பகத்துக்குப் போன் போட்டேன். டார்லீன் என்ற அம்மா எடுத்தார்.

“அஞ்சு பத்தா? எங்க ஊர்க் கடிகாரம் உங்களுக்கு ஒரு மணி நேரம் பின்னாடி கண்ணு, அப்ப நாலு பத்து. கடிகாரம் மாத்தினத அவன்கிட்ட யாரு சொன்னா, அப்ப மூணு பத்து. அட, மூணு பத்துன்னா பள்ளிக்கூடம் விடுற நேரமாச்சே.” ஏதோ காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: “அவன் ஓட்டிஸ் பெரியவரோட நாயி. பள்ளிக்கூட வாசல்ல பலகையப் பிடிச்சு வண்டிய நிறுத்தி, பிள்ளைங்களக் கடக்க விடுவாரே, அவரு. எட்டு வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்துதான் நின்னாங்க. முட்டி போயிடுச்சுன்னு மக தன்கூட கூட்டிட்டுப் போயிட்டா. அங்க நாய்க்கு இடமில்ல. பிள்ளைங்க கடந்து முடிக்க எங்க ஊர்ல நாலு நிமிஷம் ஆகும்.”

போனை வைத்துவிட்டு அழுதேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஆவல் பொல்லாதது. மறுநாள் மூன்று மணிக்கு, எங்கள் ஊர்ப் பள்ளி விடும் நேரத்தில், டர்னிப்பை அங்கே கூட்டிப் போனேன். எங்கள் பள்ளி முன்னால் பலகை பிடிப்பவர் நார்ம் ஹச்சின்ஸ். கிரானைட் பட்டறையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த மனிதர். ஒரு நாளைக்கு ஆறு வார்த்தை பேசுவார், அதில் நான்கு ‘நில்லு’. டர்னிப் என்னை இழுத்துக்கொண்டு போய் அவருக்கு இடது பக்கம், நடைபாதை விளிம்பில், உட்கார்ந்தான். பிள்ளைகள் கடந்தார்கள். நார்ம் சாலையில் இறங்கினார், இவன் இறங்கவில்லை. ஒரு பிள்ளை நாயைத் தொட வந்தது, இவன் அதைப் பார்க்கவே இல்லை, சாலையைத்தான் பார்த்தான். கடைசிப் பிள்ளையும் கடந்ததும் தலையைத் தூக்கி நார்மின் முகத்தைப் பார்த்தான்.

“இவனுக்கு வேலை தெரியுது” என்றார் நார்ம். “போன வருசம் எனக்கு ஒத்தாசைக்குன்னு ஒரு ஆளப் போட்டாங்க. அவனுக்குத் தெரியல.”

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஐந்து பத்துக் கதை முழுவதையும் சொன்னேன்.

“தெனமுமா?”

“தெனமும்தான்.”

“யாரும் வர்றதில்லையா?”

“டென்னசிக்காரரு இங்க எப்படி வருவாரு நார்ம்?”

அவர் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாயையே பார்த்தார். பிறகு, “நான் நாய் வச்சுக்கிற ஆளில்ல” என்றார். நான் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு ஒரு மனிதர் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வீடு வரும்வரை யோசித்தேன். உண்மையைச் சொன்னால், டர்னிப் அவரைப் பார்த்த பார்வையைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. மூன்று மாதமாகச் சோறு போட்டவள் நான். என்னை அவன் அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். டர்னிப் என்னோடுதான் இருப்பான். நான் தோற்றுவிட்டேன், ஞாயிற்றுக்கிழமைக்குக் கேக்கும் சொல்லியாகிவிட்டது. அடுத்த வேன் பற்றி லொரேன் கேட்ட கேள்வியை இந்தக் கடிதத்தோடு விட்டுவிடுகிறேன். தாங்கள் பெரிய மனது பண்ணிப் புத்தகத்தின் பெயரை ‘பதினொரு விருந்தாளிகளும் ஒரு குடித்தனக்காரனும்’ என்று மாற்ற வேண்டும். கடைசி எட்டுப் பக்கத்தில் அவன் என் வீட்டில் சந்தோஷமாக இருப்பதாகப் போட்டுவிடுகிறேன். அப்படி ஒரு படம் இன்னும் கைக்கு வரவில்லை, வந்துவிடும். இது என் உறுதியான, மாற்ற முடியாத முடிவு.

தங்கள் கண்ணும் கழுத்தும் நோகாமல் கையெழுத்துப் படிகள் குறையட்டும். பூனைக்கு என் அன்பு. சோபாவுக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள
ஐரீன் தீபோ

பி.கு. (ஏப்ரல் 19): இந்தக் கடிதத்தை அன்றே போட முடியவில்லை. கார் சேற்றில் இறங்கிவிட்டது, தபால் நிலையத்தை மூடிவிட்டார்கள். பார்சலோடு திரும்பி வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். மணி ஐந்து பத்து. டர்னிப் எழுந்து கதவருகே போய் நின்றான். கதவு தட்டப்பட்டது.

நார்ம் நின்றார். பள்ளி வாசலில் போடும் ஆரஞ்சுச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. பலகையையும் கையோடு கொண்டுவந்திருந்தார். என்னைப் பார்க்காமல், “அஞ்சு பத்துக்கு வாசல்ல நிப்பான்னு சொன்னியே” என்றார். “ஒரு நாளாவது யாராவது வரட்டுமேன்னு வந்தேன்.”

மேலே எழுதியதையெல்லாம் தயவுசெய்து அடித்துவிடவும். டர்னிப் நார்மோடு போய்விட்டான். நாய் இருக்கத் தோதா என்று லொரேன் போய் நார்மின் வீட்டைப் பார்த்தாள், வேலியில் ஒரு பலகை ஆடுகிறது என்றாள், மறுநாளே ஆணி அடித்துவிட்டார். கேக்கை முன்பே சொல்லிவிட்டதால் நிறுத்த முடியவில்லை. ‘தோற்றுப்போனாய்’ என்பதில் எனக்கு வந்த துண்டில் ‘போனாய்’ மட்டும் இருந்தது, அழுதுகொண்டே தின்றேன். என் செருப்பின் மேல் இப்போது அடுத்த வேனில் வந்த பர்ஸ்னிப் என்ற ஒருத்தி படுத்திருக்கிறாள். அவள் எதற்காகவோ குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்து மட்டும் குரைக்கிறாள், ஏன் என்று பார்க்க வேண்டும்.

எட்டுப் பக்கமும் இத்துடன் இருக்கின்றன. புத்தகத்தின் பெயர் பழையதே இருக்கட்டும். ஏழு பக்கம் முதுகுதான், நாற்பத்தோரு படத்திலிருந்து பொறுக்கியவை. எட்டாவதில் கதவு திறந்திருக்கிறது. அன்றைக்குக் கதவைத் திறந்துவிட நானே முன்னால் போயிருந்ததால், அவன் முகத்தைப் பார்த்துவிட்டேன்.