ஏகமனதும் இரண்டு துடுப்புகளும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி, மனிதருக்கு ரத்தக்கொதிப்பு ஏற்றுவதில் முதலிடம் யாருக்கு என்று கேட்டால், நான் யோசிக்கவே மாட்டேன். ஏகமனதுக்குத்தான். இரண்டாம் இடத்துக்கு ஆளே கிடையாது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவனை நினைத்தால் இன்னமும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

எண்பதுகளின் கடைசி. எங்கள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். பட்டறை, லேப், பிராஜெக்ட் எல்லாவற்றுக்கும் ரோல் நம்பர்படி நாலு நாலு பேராகப் பிரித்து ஒரு பேட்ச் என்பார்கள். யாரோடு யார் சேருவது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். அப்படி ஆர் எழுத்தில் மாட்டிக்கொண்டவர்கள் ராஜாமணி, ராமசுப்பு, ரேவதியாகிய நான், அப்புறம் இவன். இவனுக்கும் ஆரில் தொடங்கும் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். வாத்தியார்களே ஏகமனது என்று கூப்பிட ஆரம்பித்த பிறகு அது எங்களுக்கு மறந்துபோனது.

சோழபுரத்துக்காரன். அவனுடைய அப்பா ஊரில் ஏதோ சங்கத்துக்குச் செயலாளர். அங்கே எந்தத் தீர்மானமானாலும் "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று எழுதி முடித்தால்தான் அவருக்குத் திருப்தியாம். அதைக் கேட்டே வளர்ந்த பிள்ளை, உலகமே அப்படித்தான் ஓடுகிறது என்று நம்பிவிட்டான். நாலு பேர் சேர்ந்து செய்கிற காரியம் எதுவானாலும் டிராஃபிக் போலீஸ்காரர் மாதிரி வலது கையை உயர்த்துவான்.

"செத்த பொறுங்க. எல்லாருக்கும் சம்மதமா?"

ஒரே ஒருவர் பதில் சொல்லாவிட்டாலும் அந்தக் கை இறங்காது. எங்கள் கெட்ட காலம், பதிலே சொல்லாத ஒருவன் எங்கள் பேட்சிலேயே இருந்தான். மம்சாபுரம் ராமசுப்பு. நல்ல பையன்தான். ஆனால் அவனிடம் மணி என்ன என்று கேட்டால்கூட, அவன் யோசித்துச் சொல்வதற்குள் மணி மாறியிருக்கும்.

முதல் நாள் பட்டறையில் ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து, சதுரமாக அரத்தால் ராவச் சொன்னார்கள். இரும்பைக் கவ்விப் பிடிக்க நாலு பேருக்கு ஒரே வைஸ். முதலில் யார் ராவுவது? பக்கத்து பேட்ச்காரர்கள் இரும்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருக்க, இங்கே ஏகமனது கையை உயர்த்தியபடி ராமசுப்புவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். பீரியட் முடிய மணி அடித்தது. எங்கள் இரும்பு பிறந்தமேனிக்கு அப்படியே இருந்தது. இன்ஸ்ட்ரக்டர் எங்கள் நாலு பேரையும் வெயிலில் நிறுத்தினார். அங்கே நிற்கும்போதும் இவன், "நிழல் பக்கமா நகந்துக்கிடுவோமா, எல்லாருக்கும் சம்மதமா?" என்றான்.

கேண்டீனிலும் இதே கூத்துதான். டீயா காபியா என்று நாலு பேரும் ஒத்துப்போனால்தான் ஆர்டர். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் மூன்று பேருக்கு மட்டும் இடம் இருந்தால் அந்த பஸ் எங்களுக்குக் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி வைத்து நான் அவனைத் திட்டாத திட்டு இல்லை. முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரேவதி சொல்றதும் நியாயந்தான். மத்தவங்க என்ன நினைக்கிறீக?" என்பான். திட்டு வாங்குவதைக்கூடப் பொதுக்குழுவுக்கு விடுகிற ஆளை என்ன செய்வது?

மூன்றாம் வருஷம்தான் வினை முற்றியது. கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனி, பாஸ் செய்த சான்றிதழோடு ஜூன் மாதம் வந்து சேரச் சொல்லி எனக்கு வேலை கொடுத்திருந்தது. அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். எல்லாம் ஒரே தடவையில் பாஸானால் கோயம்புத்தூர் போகலாம். ஒன்று நின்றாலும் ஆவணியில் அத்தை மகனோடு கல்யாணம். அத்தை மகனுக்குத் தென்காசியில் சிமெண்டுக் கடை. பேசும்போதும் சிமெண்டைப் பற்றித்தான் பேசுவார். நான் ராப்பகலாகப் படித்தேன். எழுத்துப் பரீட்சையில் எனக்குப் பயமில்லை. பிராஜெக்ட் மட்டும்தான் நாலு பேருக்கும் பொது.

ராஜாமணியின் பெரியப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருந்தார். அடுப்படியில் நின்று கிண்டிக் கிண்டி அவருக்குத் தோள்பட்டை போய்விட்டது. அதனால் பால்கோவா கிண்டுகிற மெஷின் செய்வோம் என்று ராஜாமணி சொன்னான். நல்ல யோசனை. ஒரு மோட்டார், ஒரு கியர், சட்டிக்குள் சுற்ற ஒரு துடுப்பு. நான் ஒரே நாளில் வரைந்து கொடுத்துவிட்டேன். ராஜாமணி சரி என்றான். ஏகமனது கையை உயர்த்தினான். ராமசுப்பு மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், ஒரு வாரமாக.

வேறு எந்த பேட்சாக இருந்தாலும் அவனை விட்டுவிட்டு வேலையைத் தொடங்கியிருக்கும். ஏகமனது தினமும் டிபன் டப்பாவோடு ராமசுப்புவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஏலே, ஒனக்கு எதும் தோணுதா? தோணுனத சொல்லு" என்று கெஞ்சினான். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ ராமசுப்பு வாயைத் திறந்தான்.

"துடுப்பு ரெண்டு வச்சா நல்லாருக்கும்."

ஏன் என்று அவனுக்கும் தெரியாது. இரண்டு துடுப்பு வைத்தால் ஒன்றோடொன்று மோதும் என்று நான் தலையால் தண்ணி குடித்துப் பார்த்தேன். ஏகமனதின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தன் பிள்ளை முதல்முதலாகப் பேசிவிட்ட மாதிரி பூரித்துப்போய் நின்றான். எனக்கும் வாதாடித் தெம்பு போய்விட்டது. எக்கேடும் கெட்டுப் போங்கள் என்றேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான் பாவி.

தண்ணீர் ஊற்றி ஓட்டியபோது ஜோராகத்தான் சுற்றியது. பால் காய்ச்சிப் பார்த்துவிடுவோம் என்று பரீட்சைக்கு முந்தின நாள் நான் கத்தினேன். ராமசுப்புவுக்குக் காய்ச்சல், நாலு பேரும் இல்லாமல் எப்படி என்று கேட்டு ஏகமனது அதையும் கெடுத்தான்.

பரீட்சையன்று மதுரையிலிருந்து எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்திருந்தார். பக்கத்தில் எங்கள் துறைத் தலைவர், எச்.ஓ.டி., வெள்ளைச் சட்டையில். பால் இறுகுகிற வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அடுப்பை அணைத்து, கோவா ஆறட்டும் என்று மெஷினை மெதுவாக ஓட விட்டோம். இறுகின கோவாவுக்குள் துடுப்பு இரண்டும் முட்டுகிற மாடுகளைப் போலக் கொம்பு மாட்டிக்கொண்டன. துடுப்பு நின்றது. சட்டி சுற்ற ஆரம்பித்தது. எச்.ஓ.டி. விலகுவதற்குள் பாதிக் கோவா அவர் சட்டைக்குப் போய்விட்டது. உதட்டோரம் பட்டதை அவர் நக்கிப் பார்த்ததையும், சீனி தூக்கல் என்று சொன்னதையும் நான் என் கண்ணால் பார்த்தேன்.

எக்ஸ்டர்னல் சிரிக்கவில்லை. படத்தை வாங்கிப் பார்த்தார். மோட்டார் சரி, கியர் சரி, இந்த இரண்டாவது துடுப்பு யாருடைய வேலை என்று கேட்டார். ஆள் யாரென்று சொன்னால் மற்ற மூன்று பேருக்கும் பாஸ் போட்டுவிடுவேன் என்றார். ராமசுப்பு மெல்ல ராஜாமணியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தான்.

ஏகமனது கையை உயர்த்தினான். "சார், செத்த பொறுங்க. கேட்டுக்கிடுறேன்."

எங்கள் பக்கம் திரும்பினான். "நாலு பேரும் சேந்துதான் செஞ்சோம்னு சொல்லணும்னு எனக்குத் தோணுது. சம்மதமா?" ராஜாமணி தலையாட்டினான். ராமசுப்புவும் தரையைப் பார்த்தபடி தலையாட்டினான். கடைசியாக என்னிடம் வந்தான். என் விஷயம் முழுவதும் அவனுக்குத் தெரியும். குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "ரேவதி, ஒங்களுக்குத்தான் கஷ்டம். நீங்க வேண்டாம்னா நான் சொல்லல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே கிடையாது. அவன் பாட்டுக்கு உளறித் தொலைத்திருந்தால் ஆயுசு முழுக்க அவன் தலையிலேயே பழியைப் போட்டுவிட்டு இருந்திருப்பேன். என்னிடம் வந்து கேட்டானே! கோயம்புத்தூரும் தென்காசியும் கண் முன்னால் வந்து நின்றன. "சம்மதம்" என்றேன், அவனை அடிக்கப்போகிற மாதிரி.

நாலு பேரையும் பாஸ் போடாமல் நிறுத்திவைத்தார்கள். அக்டோபரில் மெஷினைத் திரும்பச் செய்து காட்ட வேண்டும். கோயம்புத்தூர் வேலை போனது.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நிச்சயத் தாம்பூலம். கூடம் கொள்ளாத கூட்டம். அந்த நேரம் பார்த்து மூன்று பேரும் வந்து சேர்ந்தார்கள், உடைந்த துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு. புது மெஷினுக்குத் துடுப்பு ஒன்றா இரண்டா என்று என்னிடம் கேட்க வேண்டுமாம். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் என்று நினைத்து அம்மா அவர்களை முன்வரிசையில் உட்காரவைத்துக் கேசரி கொடுத்தாள். அத்தை வீட்டார் இவர்களை எங்கள் ஆட்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளையின் அப்பாவான மாமா தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்து, ஊர் வழக்கப்படி ஒரு வார்த்தை கேட்டார். "அப்ப எல்லாருக்கும் சம்மதந்தான?"

யாரும் பதில் சொல்கிற கேள்வியா அது? சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்பது. ஆனால் முன்வரிசையில் கேசரி ஒட்டிய ஒரு வலது கை உயர்ந்தது.

"செத்த பொறுங்க. ரேவதி இன்னும் சொல்லலையே."

அப்பா, "யாருப்பா நீ? ஒன்ன யாரு கேட்டா?" என்றார். கை இறங்கவில்லை. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. அந்த வீட்டில் அதுவரை என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எனக்குச் சம்மதமில்ல" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். தட்டு வந்த வழியே திரும்பிப் போனது. அப்பா பொங்கல் வரைக்கும் என்னோடு பேசவில்லை. அக்டோபரில் பாஸ் ஆனோம். பிறகு மதுரையில் வேறொரு கம்பெனியில் சேர்ந்தேன்.

அன்றைக்கு அப்பா விரட்டிய வேகத்தில் ஏகமனது செருப்பை விட்டுவிட்டுத் தெருவில் நின்றான். நான்தான் எடுத்துக்கொண்டு போய் அவன் முன்னால் போட்டேன்.

"ஒங்களால எனக்கு வேலையும் போச்சு, இப்பக் கல்யாணமும் போச்சு. இன்னும் என்ன பாக்கி இருக்கு?"

"துடுப்பு ஒண்ணா ரெண்டான்னு நீங்க சொல்லலையே" என்றான்.

"ஒண்ணு."

மற்ற இருவரையும் பார்த்துக் கையை உயர்த்தினான். "ரேவதி ஒண்ணுன்னு சொல்றாக. எல்லாருக்கும் சம்மதமா?" ராமசுப்பு யோசிக்காமல் சம்மதம் என்றான்.

மூன்று பேரும் பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்கள். ஏகமனது தெருமுனை திரும்புகிறவரை நான் வாய்க்குள் திட்டிக்கொண்டே நின்றேன். திரும்பி மறைந்த பிறகும் உள்ளே போக மனசே வரவில்லை.